கண்மாய்க் கரையில் இரவில் கழிவு கொட்டுகிறார்கள், புகார் கொடுத்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?

மதுரை விரகனூர் ரிங் ரோட்டைத் தாண்டியிருக்கும் உங்கள் ஊரில், கண்மாய்க் கரையில் சில மாதங்களாக இரவு நேரத்தில் டிராக்டரும் டிப்பர் லாரியும் வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல்வர் உதவி எண்ணான 1100-க்குப் பேசினீர்கள், வந்து அள்ளினார்கள், மறுவாரமே அதே இடத்தில் திரும்பக் குவிந்துவிட்டது. இனி யாரிடம் புகார் செய்வது, பெயர் வெளியே தெரியாமல் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். இன்னொரு போன் நம்பரைக் கொடுத்தால் அது உங்கள் கேள்விக்குப் பதிலாகாது என்று நினைக்கிறேன். புகார் கொடுத்தும் ஏன் நிற்கவில்லை, நிற்க வைக்க என்ன செய்ய வேண்டும், அதைச் செய்யும்போது வம்பு நம் வீட்டு வாசலுக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் மதுரை, சிவகங்கை மாவட்டங்களின் உள்ளாட்சிகளில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனுக்கள் வந்து சேரும் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால், எந்த மனு நகரும், எது தேங்கும் என்பது ஓரளவு தெரியும். 'குப்பை கிடக்கிறது' என்று மனு வந்தால் ஆய்வாளர் ஆளையும் வண்டியையும் அனுப்பி அள்ளச் சொல்வார், அள்ளிய இடத்தைப் படம் எடுப்பார், 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதி மனுவை முடித்துவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, கேட்டதைச் செய்துவிட்டார். ஆனால் கொட்டுகிறவருக்கு அடுத்த லோடுக்கு இடம் காலியாகிவிட்டது. மடையை அடைக்காமல் வயலில் தண்ணீர் இறைக்கிற கதைதான். கழிவு எங்கே உண்டானது, எந்த வண்டியில் வந்தது, எந்தப் பாதையில் நுழைந்தது என்பதில் ஒன்றையாவது மனு சொன்னால்தான் அலுவலகம் அடுத்த அடி வைக்கும். உங்கள் ஊரில் நடக்காமல் போனது இதுதான்.

ஆகவே முதல் வேலை, என்ன கழிவு வருகிறது என்று பார்ப்பது. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் ரிங் ரோடு ஓரங்களிலும் நான் பார்த்தவரை, ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு வழக்கமான ஆளும் வழக்கமான நேரமும் உண்டு. உடைந்த செங்கல், சிமென்ட் காரை, டைல்ஸ் துண்டு என்றால் நகரத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிற யாரோ ஒருவரின் ஒப்பந்தக்காரர். இடிபாட்டை அப்புறப்படுத்த அவர் வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசி வாங்கியிருப்பார். எவ்வளவு பக்கத்தில் கொட்டுகிறாரோ அவ்வளவுக்கு டீசல் மிச்சம். கோழி இறகும் குடலும் மூட்டையில் வந்தால் இறைச்சிக் கடைகள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு. வாழை இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் குவிந்தால் அன்றைக்கோ முந்தின நாளோ முகூர்த்தமா என்று காலண்டரைப் பாருங்கள், மண்டபம் பக்கத்திலேயேதான் இருக்கும். கரையோரம் கறுப்பாக ஈரம் ஊறி, மறுநாள் காய்ந்து நாற்றம் மட்டும் மிச்சமிருந்தால் அது செப்டிக் டேங்க் லாரி. மதுரையில் அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. வீட்டுத் தொட்டியில் உறிஞ்சியதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும், நீர்நிலையில் திறந்துவிடக் கூடாது. அங்கே போய்வரும் தூரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ராத்திரியில் கண்மாய்ப் பக்கம் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். இதில் பின்னால் தடயம் எதுவும் தங்காது, வண்டியின் படம் இருந்தால்தான் உண்டு.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, ஏறத்தாழ நேரம், என்ன கழிவு, எந்தப் பக்கமிருந்து வண்டி வந்தது. ஒரு ஒழுங்கு தென்படும். அது தெரிந்துவிட்டால் காவல் நிலையத்தில் 'தினமும் ரோந்து வாருங்கள்' என்று கேட்க வேண்டியதில்லை, 'ஞாயிறு இரவு பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் வாருங்கள்' என்று கேட்கலாம். முதல் வேண்டுகோளை எந்த நிலையமும் நிறைவேற்ற முடியாது. இரண்டாவதை ஒரு நல்ல ஆய்வாளர் மனது வைத்தால் செய்வார்.

அடுத்தது சாட்சியம். வண்டி எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பது போக்குவரத்து அலுவலகத்தின் பொறுப்பு, நீங்கள் அலைய வேண்டாம். எண்ணில் சேறு பூசி வருகிறார்கள் என்றால் கண்ணாடிக்கு மேலே எழுதியிருக்கும் சாமி பெயர், பாடியின் நிறம், பின்கதவில் இருக்கும் படம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டிராக்டரில் டிரெய்லருக்கு எண் எழுதாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு, அதனால் இழுத்து வரும் என்ஜினின் எண்ணைப் பாருங்கள். கண்மாய்க்குத் திரும்பும் முக்கில் பெட்ரோல் பங்க்கோ ரைஸ் மில்லோ மண்டபமோ இருந்தால் அங்கே சிசிடிவி இருக்கும். பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், அந்தத் தேதியின் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி உடனே கேட்க வேண்டும். தெரிந்தவராக இருந்தால் நீங்களே கேளுங்கள், இல்லாவிட்டால் காவல் துறைக்குக் கொடுக்கும் மனுவிலேயே 'இன்ன இடத்து கேமரா பதிவைப் பெற்றுப் பார்க்கவும்' என்று எழுதிவிடுங்கள்.

போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் போகும் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரம் கழன்றுபோகும். மூலக் கோப்பு போனில் அப்படியே இருக்க வேண்டும். இடமும் நேரமும் படத்திலேயே பதிகிற கேமரா செயலிகள் இருக்கின்றன, அதில் எடுத்தால் அலுவலகத்தில் வாக்குவாதம் குறையும். நீதிமன்றம் வரை போனால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் போனை மாற்றாமலும் படத்தை வெட்டித் திருத்தாமலும் இருந்தால் போதும்.

குவியலுக்குள்ளேயே முகவரி கிடக்கும். பார்சல் அட்டையில் ஒட்டிய லேபிள், கடை பில், மருந்துச் சீட்டு, பள்ளி நோட்டு, பெயர் அச்சிட்ட பை. எங்கள் வேலையில் ஆளைப் பிடித்துக் கொடுத்தது பெரும்பாலும் இந்தக் காகிதங்கள்தான். ஆனால் நீங்கள் கையை விட்டுக் கிளறாதீர்கள். ஊசியும் கண்ணாடியும் அழுகிய இறைச்சியும் கலந்து கிடக்கும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் எடுத்து வந்து மேஜையில் வைக்கும் காகிதம் அந்தக் குவியலில்தான் கிடந்தது என்று யார் சொல்வது? மேலாகத் தெரிவதை எட்ட நின்று படம் எடுங்கள். கிளறிப் பார்ப்பதைச் சுகாதார ஆய்வாளரோ கிராம நிர்வாக அலுவலரோ வந்து, இரண்டு சாட்சிகள் முன்னால் மகஜர், அதாவது கண்டதை அங்கேயே பதிவு செய்யும் குறிப்பு, எழுதிச் செய்ய வேண்டும். 'கழிவில் கிடக்கும் முகவரிகளைக் கொண்டு உண்டாக்கியவரைக் கண்டறியவும், அதன் பிறகே அள்ளவும்' என்று மனுவில் ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரிதான் பெரும்பாலான மனுக்களில் இருப்பதில்லை.

சரி, யாரிடம் கொடுப்பது? அதற்கு முன்னால் அந்த இடம் யாருடையது என்று தெரிய வேண்டும். மதுரையைச் சுற்றி இதுதான் பெரிய சிக்கல். மாநகராட்சி 2011-இல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது எல்லை பல கண்மாய்களை ஒட்டி வந்து நின்றது. சாலைக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி, நடுவில் கண்மாய் நீர்வளத் துறையுடையது என்று இருக்கும். கொட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் எல்லையாகப் பார்த்துக் கொட்டுகிறார்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கும். ஊரில் பெரியவர்கள் இன்னும் பொதுப்பணித் துறை என்றே சொல்வார்கள். அதைவிடச் சிறியது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கழிவு கிடப்பது கண்மாய் உள்வாயிலா, கரையிலா, வரத்துக் கால்வாயிலா, பக்கத்துப் பட்டா நிலத்திலா என்பதைப் பொறுத்தும் பொறுப்பு மாறும். சர்வே எண் தெரிந்தால் நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விஏஓவிடம் கேளுங்கள். பட்டா நிலமாக இருந்தால், நிலத்துக்காரரே பள்ளத்தை மேடாக்கச் சம்மதித்திருக்கவும் கூடும். அப்போது அவரையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சர்வே எண், கிராமம், ஒன்றியம், வட்டம், நோட்டில் குறித்த தேதிகள், வண்டி விவரம், படங்கள், இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கினால் நல்லது. அதை ஒரே சமயத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், காவல் நிலைய ஆய்வாளர் ஆகியோருக்கு அனுப்புங்கள், யார் யாருக்கு நகல் போகிறது என்பதை மனுவின் கீழேயே எழுதுங்கள். 'அது எங்கள் எல்லை இல்லை' என்று ஒருவர் எழுத நினைத்தால், மற்ற நான்கு பேர் கையில் அதே மனு இருப்பது அவருக்குத் தெரியும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். காவல் நிலையத்தில் வழக்கு உடனே பதியாவிட்டாலும் புகாரைப் பெற்றதற்கு அவர்கள் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். 1100-க்கும் திரும்பச் சொல்லுங்கள், ஆனால் இந்த முறை 'அள்ள வேண்டும்' என்று சொல்லாமல் 'உண்டாக்கியவர் மேல் நடவடிக்கை, வண்டி மேல் நடவடிக்கை, பாதையை அடைத்தல்' என்று கோரிக்கையைப் பிரித்துச் சொல்லுங்கள். அப்போது அள்ளியதோடு மனுவை முடிக்க முடியாது.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, இழுபறியானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். தெருவிலோ பொது இடத்திலோ வாய்க்காலிலோ நீர்நிலையிலோ குப்பையைப் போடவும் எரிக்கவும் புதைக்கவும் கூடாது என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் கழிவை உண்டாக்குகிறவருக்கு நேரடியாகவே தடை விதித்தன. அதே ஆண்டில் கட்டட இடிபாட்டுக்கும் தனி விதிகள் வந்தன, அதிலும் பொறுப்பு உண்டாக்குகிறவர் மேல்தான். எனவே 'லாரிக்காரனிடம் காசு கொடுத்துவிட்டேன், அவன் எங்கே கொட்டினான் என்று எனக்குத் தெரியாது' என்கிற பேச்சு வீட்டுக்காரரையோ மண்டபத்தையோ காப்பாற்றாது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும், அதனால் மனுவில் விதி எண்ணை எழுதாமல் விதியின் பெயரை மட்டும் எழுதினால் போதும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 279-ஆம் பிரிவு பொது நீர்த்தேக்கத்தின் தண்ணீரைக் கெடுப்பதைக் குற்றம் என்கிறது, ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இழுபறி இங்கேதான் வரும். அந்தப் பிரிவு தண்ணீரை வழக்கமான பயன்பாட்டுக்குத் தகுதி குறையச் செய்ததைப் பற்றிப் பேசுகிறது. சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது செங்கல் காரையைக் கொட்டினால் 'தண்ணீர் எங்கே கெட்டது' என்று எதிர்த்தரப்பு கேட்கும். செப்டிக் டேங்க் கழிவும் கோழிக்கழிவும் தண்ணீரில் விழுந்தால் வாதம் வலுவாக நிற்கும், வறண்ட கண்மாயில் இடிபாடு என்றால் நீர்நிலையைத் தூர்ப்பதாகவும் ஆக்கிரமிப்பாகவும் எடுத்துக்கொண்டு போவது மேல். 2007-இல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத் துறை ஏரிகளுக்கு உதவும். நான் வக்கீல் இல்லை. எந்தப் பிரிவில் வழக்கு நிற்கும் என்பதை உங்கள் ஊர்ப்பக்கம் பழக்கமுள்ள வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவக் கழிவு கிடந்தால் விஷயமே வேறு. மஞ்சள், சிவப்பு, நீல நிறப் பைகள், ஊசி, சிரிஞ்சு, ரத்தம் படிந்த பஞ்சு, சலைன் பாட்டில் என்று எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள், பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், அன்றைக்கே மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். 2016-இன் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி பையில் பார்கோடு இருக்க வேண்டும், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டிதான் எடுத்துப் போக வேண்டும். பையில் பார்கோடு இருந்தால் எந்த மருத்துவமனை என்று கண்டுபிடிக்கலாம், இல்லை என்றால் அதுவே ஒரு மீறல். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கழிவில் கிடந்த நோயாளிகளின் ஆவணங்கள்தான் அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளில் அப்புறப்படுத்தச் சொன்னது, கேரள அரசு லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. உண்டான இடம் தெரிந்துவிட்டால் எவ்வளவு வேகமாகக் காரியம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு, மருத்துவக் கழிவை இப்படிக் கொட்டுகிறவர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரத் தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்தது. திருமங்கலத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலையும், தேனி வழியாகக் குமுளி போகும் சாலையும் நம் மாவட்டத்தைத் தொடுவதால், அந்தப் பக்கங்களில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பெயர் வெளியே தெரிவதைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதைச் சின்ன விஷயமாக யாரும் சொல்ல வேண்டாம். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம், சட்டவிரோதக் கல்குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குப்பைக்கும் குவாரிக்கும் புழங்கும் பணம் ஒன்றல்ல, ஆனாலும் தனி ஆளாக இரவில் போய் வண்டியை மறிக்காதீர்கள். இளைஞர்கள் சேர்ந்து டிரைவரை அடிப்பதும் வண்டிச் சாவியைப் பிடுங்குவதும் வேண்டாம். டிரைவர் தினக்கூலிக்கு ஓட்டுகிறவர், அவர் மேல் கை வைத்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும், முதலாளி தப்பித்துக்கொள்வார். வண்டி கண்ணில் பட்டால் 100-க்கோ 112-க்கோ போன் செய்துவிட்டுத் தூரத்திலிருந்து படம் எடுங்கள்.

பெயரே இல்லாத மொட்டைக் கடிதத்துக்கு அலுவலகங்களில் மதிப்பு குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் பெயரை ஒளிப்பதை விடப் பல பெயர்களுக்குள் ஒரு பெயராக இருப்பது நல்ல வழி. கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, இவற்றின் கடிதத்தாளில் மனு போகட்டும். அதைவிடப் பலமானது கிராமசபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் கண்மாய்ப் பிரச்சினையை யாரும் தள்ளிவைக்க முடியாது. தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால் புகார் செய்தது இன்னார் என்று விரல் நீட்ட முடியாது, ஊரே சொன்னதாகிவிடும். உங்கள் வீடு மாநகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டின் பகுதி சபையில் இதையே எழுப்பலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது மனுதாரர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும், அதனால் அதை வெளியூரில் இருக்கும் உறவினரோ வக்கீலோ அனுப்புவது மேல். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். 'இன்ன தேதி மனு மேல் எடுத்த நடவடிக்கை, மகஜர் நகல், விதித்த அபராதம்' என்று கேளுங்கள். ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்டால்தான் வரும்.

உடம்புக்கு என்ன கெடுதல் என்றும் கேட்டிருந்தீர்கள். குவியலில் ஈயும் எலியும் தெருநாயும் பெருகும், டயரிலும் டப்பாவிலும் மழைத்தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு முட்டையிடும், எரித்தால் வரும் புகை மூச்சுக்குக் கெடுதல், இவை உறுதி. போர்வெல் தண்ணீர் உப்பாக மாறியது இந்தக் கழிவால்தான் என்று நீங்கள் எழுதியதை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் பகுதி நிலத்தடி நீர் பல இடங்களில் இயற்கையாகவே கடினமானது, கோடையில் மட்டம் இறங்கினாலும் உப்பு ஏறும். குவியலுக்கு அருகில் ஒன்று, தள்ளி மேட்டில் ஒன்று என்று இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரே நாளில் கொடுத்துச் சோதித்து, மழைக்குப் பின் திரும்பவும் சோதித்தால் ஒப்பிட ஏதாவது கிடைக்கும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு மனுவில் பெரிதாக எழுதினால் அந்த ஒரு இடத்தில் உடைத்து மொத்த மனுவையும் ஒதுக்கிவிடுவார்கள். நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். எரிப்பதைப் பொறுத்தவரை, 2016 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாகக் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்கலாம் என்று உத்தரவிட்டிருக்கிறது. எரிகிறபோது தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் அவர்கள் பதிவேட்டிலும் தேதியோடு ஏறும், அது பின்னால் உதவும்.

இனி தடுப்பது. என் அனுபவத்தில் அபராதத்தை விட வேகமாக வேலை செய்தது பாதையை அடைத்ததுதான். டிப்பர் ஏற முடியாதபடி கரை நுழைவில் இரண்டு கல்தூணும், உயரமான வண்டி போகாதபடி மேலே ஒரு இரும்புக் குறுக்குச் சட்டமும் வைத்தால், மாட்டு வண்டியும் பைக்கும் போகும், லாரி போகாது. கண்மாய் யாருடையதோ அந்தத் துறையின் அனுமதியோடு செய்ய வேண்டும். மடைக்கும் கலுங்குக்கும் போகும் வழியை அடைத்துவிடாமல், தூர்வார இயந்திரம் வந்தால் கழற்றி வைக்கிற மாதிரி அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் விவசாயிகளே எதிர்ப்பார்கள். அந்த முக்கில் ஒரு விளக்கு. பிறகு, ஏற்கெனவே கிடக்கும் குவியல். மகஜர் எழுதி முடித்ததும் அது முழுவதும் போக வேண்டும், பாதியை விட்டால் அங்கே கொட்டலாம் என்று அதுவே அழைப்பு விடுக்கும். மழைக்கு முன்னால் போக வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் வந்துவிட்டால் கழிவு கண்மாய் முழுக்கப் பரவிவிடும், இடிபாடு வரத்துக் கால்வாயை அடைத்துக்கொள்ளும். 2024 அக்டோபர் கடைசியில் செல்லூரிலும் பந்தல்குடி கால்வாயை ஒட்டிய தெருக்களிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தோம். அதற்குக் காரணம் குப்பை மட்டும் அல்ல, ஆனால் அடைபட்ட கால்வாய் எப்படி மழையைத் திருப்பி வீட்டுக்குள் அனுப்பும் என்று மதுரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கரையில் முதல் மூட்டையைப் போட்டது வெளியூர் லாரியா, நம் ஊர்தானா? பல ஊர்களில் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் வீடுவீடாக வாங்கும் குப்பையைச் சேர்க்க இடமே ஒதுக்கப்படாமல், கண்மாய்க் கரையில்தான் தள்ளுகிறார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்லாதீர்கள், அவர்களுக்கு வண்டியும் சரியாகக் கிடையாது, உரக்குழியும் கிடையாது. ஆனால் ஏற்கெனவே குப்பை கிடக்கிற இடம் என்றால் வெளியூர் டிரைவருக்குக் கூச்சம் போய்விடுகிறது. ஆகவே உண்டாக்கியவர் மேல் நடவடிக்கை கேட்கும் அதே மனுவில், ஊர்க் குப்பையைப் பிரித்து உரமாக்க ஒரு இடம் வேண்டும் என்றும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள். பக்கத்து இறைச்சிக் கடைக்காரரிடமும் மண்டபத்துக்காரரிடமும் மனு போகும் முன் ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள். கழிவை எடுத்துப் போக ஒழுங்கான வண்டி வராததால்தான் இரவில் ஆள் வைத்துக் கொட்டுகிறார்கள் என்று தெரியவந்தால், அதைச் சரிசெய்வது வழக்குப் போடுவதை விட எளிது. சொந்த லாபத்துக்கு வெளியிலிருந்து லோடு லோடாகக் கொண்டுவருகிறவரிடம் இந்தப் பேச்சு செல்லாது, அங்கே மனுதான்.

இவ்வளவும் செய்து மூன்று மாதத்தில் அசைவு இல்லையென்றால் அடுத்த படி. கோட்டாட்சியருக்குப் பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. அந்தப் பழைய பிரிவின் கீழ் வந்த ரத்லாம் நகராட்சி வழக்கில்தான், பணம் இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் சொன்னது. அலுவலகத்தில் 'நிதி இல்லை' என்று கேட்கும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள். ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு போடலாம், அல்லது சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்கு அங்கே கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் பிரச்சினை தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்று சட்டம் காலக்கெடு வைத்திருக்கிறது, தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். உங்கள் ஊரில் கொட்ட ஆரம்பித்தே சில மாதம் ஆகிவிட்டது என்பதால், முதல் வண்டி வந்தது எந்தத் தேதி என்று ஊரில் விசாரித்து இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். சர்வே எண்ணும் அ-பதிவேட்டில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்பதும் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், மனுவை யார் பெயருக்கு முதலில் எழுதுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.